வெல்வெட் வேலுச்சாமி: கிரேட்டஸ்ட் ஹிட்ஸ், பாகம் ஒன்று

பழனிக்கு மேலே மலையில் இருக்கிற அட்டுவம்பட்டியில் வேலுச்சாமி வீடு எது என்று கேட்டால் யாரும் கதவு நம்பர் சொல்ல மாட்டார்கள். முடிக்காரர் வீடா என்று திருப்பிக் கேட்டுவிட்டுக் கையைக் காட்டுவார்கள். அப்படி ஒரு முடி. நெற்றியில் புறப்பட்டு, காதை மூடி, தோளில் இறங்கி, சுருள் சுருளாக நிற்கும். பனியில் நடந்து வந்தால் அதைப் பிழிந்து ஒரு செம்பு தண்ணீர் எடுக்கலாம் என்று மச்சினன் சிவமுருகன் ஊரெல்லாம் சொல்லித் திரிவான். ஐம்பது தாண்டிய மனுஷனுக்கு இவ்வளவு முடியா என்று வயிறெரியாத ஆம்பளை அந்த வட்டாரத்தில் கிடையாது.

முடி சும்மா வரவில்லை, தொழிலோடு வந்தது. வேலுச்சாமி பாட்டுக்காரர். சீசனில் ஓட்டல்காரர்கள் விறகு அடுக்கி நெருப்பு மூட்டி டூரிஸ்ட்டுகளைச் சுற்றி உட்கார வைத்தால், நடுவில் கிடாரோடு நிற்பது அவர்தான். பிறந்தது பழனி அடிவாரத்தில், பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்தவர் மகனாக. கடையில் உட்காருடா என்று அப்பா சொன்னதற்கு, எனக்கு சோல் பாட்டுதான் வரும் என்று பதில் சொல்லிவிட்டு மலையேறி வந்துவிட்டார். சோல் பாட்டு என்றால் அமெரிக்காவில் கறுப்பின மக்கள் சர்ச்சில் பாடிப் பாடி வளர்த்தது. அடிவயிற்றிலிருந்து எடுத்து, கெஞ்சிக் குழைந்து, ஒரே எழுத்தைப் பிடித்துக்கொண்டு வளைத்து வளைத்துப் பாட வேண்டும். அதில் கொஞ்சம் பாப்பையும் கலந்து, தமிழில் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு வைத்திருந்தார். ‘ரெயின்கோட்டு ராணி’, ‘கேரட்டுக் கன்னம்’, ‘குளிருதடி கண்ணே’ என்று வரிசையாக இருக்கும். வெல்வெட் என்ற பட்டத்தை யார் கொடுத்தது என்று கேட்கக் கூடாது. அவரே எடுத்துக்கொண்டதுதான்.

எல்லாப் பாட்டையும் திண்டுக்கல்லில் ஒரு ஸ்டூடியோவில் ஒழுங்காகப் பதிவு செய்து பென்டிரைவில் போட்டுக் கொண்டுவந்தார். அதன் மேல் ஒட்டிய அட்டையில் அவர் படம், அதாவது முக்கால்வாசி முடியின் படம். மேலே ‘வெல்வெட் வேலுச்சாமி: கிரேட்டஸ்ட் ஹிட்ஸ், பாகம் ஒன்று’ என்று தங்க எழுத்து. வேன் ஸ்டாண்டில் கேட்காமல் விடுவார்களா? ஒரு ஹிட்டும் இல்லாம எப்படிண்ணே கிரேட்டஸ்ட் ஹிட்டு என்று ஒருத்தன் ஆரம்பித்தான். பாகம் ரெண்டு வேற வருதாம்லே என்று இன்னொருத்தன் எடுத்துக் கொடுத்தான். வேலுச்சாமி அசரவில்லை. தொகுப்பு முதலில் வரட்டும், ஹிட்டு பின்னால் வரும் என்றார். சிரிப்புச் சத்தம் டவுன் ஏரி வரைக்கும் கேட்டிருக்கும்.

ஆனால் உள்ளுக்குள் அவருக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். முகம் தெரியாத ஒரு ஆள், எங்கேயோ ஓரிடத்தில், தன் பாட்டைப் பாடக் கேட்டுவிட வேண்டும். ஓட்டலில் கைதட்டுகிறவர்கள் வெளிநாட்டுப் பாட்டுக்குத்தான் கைதட்டுவார்கள். சொந்தப் பாட்டை எடுத்தால் பாத்ரூம் எங்கே என்று விசாரிக்க எழுந்துவிடுவார்கள். இளவயசில் தொடங்கிய ஆசை, வயசானதே தவிர நிறைவேறவில்லை.

பென்டிரைவ் வந்த வாரம் அவர் மனைவி ஜோதிமணி பழனிக்குப் போய்ச் சாமி கும்பிட்டு வந்தாள். ஏரிப் பக்கம் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கிறவள். கறாரான பொம்பளை, பேரம் பேச வந்தவன் பேசாமல் வாங்கிப் போவான். மறுநாள் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, ஏதோ பால்காரன் வரமாட்டான் என்று சொல்வது மாதிரிச் சொன்னாள். தொகுப்பு ஹிட்டானால் முடி இறக்குவதாக முருகனிடம் நேர்ந்துகொண்டிருக்கிறாளாம்.

வேலுச்சாமிக்குத் தோசை தொண்டையில் நின்றது. என் முடியா என்று கேட்டார். ஆமாம் என்றாள். என்னைக் கேட்காமல் என் முடியை நீ எப்படி நேர்ந்துகொள்ளலாம் என்று கத்தினார்.

“எங்கம்மா என் முடிய நேந்துக்கிட்டப்ப என்னையக் கேட்டாளா? உங்கம்மா உங்களக் கேட்டாங்களா?” என்றாள் ஜோதிமணி.

அந்தப் பக்கத்து வழக்கம் அதுதான். புருஷன் தலையைப் பொண்டாட்டி நேர்ந்துகொள்வாள், மருமகன் தலையை மாமியார் நேர்ந்துகொள்வாள். தலைக்குச் சொந்தக்காரனுக்குக் கடைசியில்தான் தகவல் வரும், சில நேரம் பஸ்ஸில் ஏறின பிறகு. நேர்ந்தது நேர்ந்ததுதான். முருகனிடம் போய், அது தெரியாமல் சொல்லிவிட்டாள் என்று மனுப் போட முடியாது.

சரி, ஹிட்டு என்றால் என்ன கணக்கு என்று வக்கீல் மாதிரி மடக்கினார். அதையும் அவள் யோசித்துத்தான் வைத்திருந்தாள். நமக்குத் தெரியாத ஒரு ஆள், நாம் சொல்லாமல், தானாக வாய்விட்டுப் பாட வேண்டும். முணுமுணுத்தால் சேர்த்தி இல்லை. ஒருத்தர் பாடினாலும் போதும், உடனே பழனிக்குப் புறப்பட வேண்டியதுதான்.

வேலுச்சாமி விழுந்து விழுந்து சிரித்தார். இத்தனை வருஷம் நடக்காதது இனிமேலா நடக்கப் போகிறது, என் முடிக்கு ஆபத்தே இல்லை என்றார். சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது.

இங்கேதான் சிவமுருகன் புகுந்து காரியத்தைக் கெடுத்தான். அவன் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவன், அக்கா மேல் உயிர், மச்சான் மேல் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். பென்டிரைவை அதே அட்டையோடு காப்பி காப்பியாகப் போட்டு, வேன், ஜீப், மினி பஸ் என்று கண்ணில் பட்ட வண்டியிலெல்லாம் சொருகிவிட்டான். டிரைவர்கள் முதலில் கிண்டலுக்குத்தான் போட்டார்கள். பிறகு மலை வளைவில் தூக்கம் வராமல் இருக்க நல்லாயிருக்கிறது என்று போட்டார்கள். பிறகு காரணமே இல்லாமல் போட ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் வேலுச்சாமி பெரும்பாறைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், டீக்கடையில் நின்றபோது, காப்பித் தோட்டத்து ஆள் ஒருத்தர் மிளகு மூட்டையில் சாய்ந்துகொண்டு ‘கேரட்டுக் கன்னம்’ மெட்டை முனகுவதைக் கேட்டார். உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடுத்த நிமிஷம் கை தன்னால் தலைக்குப் போயிற்று. ஆள் வாயைத் திறந்துவிடுவாரோ என்று பயந்து, டீயைப் பாதியில் வைத்துவிட்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. முனகல் சேர்த்தி இல்லை என்று சட்டமே இருக்கிறதே.

அன்றிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த சீசனுக்கு ஒரு பெரிய ஓட்டல் அவர் முடியைப் படம் போட்டு பேனர் அடித்துவிட்டது. பாட்டைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. முடி போய்விட்டால் வெல்வெட்டும் போய்விடும், மிச்சம் பஞ்சாமிர்தக் கடைக்காரர் மகன் வேலுச்சாமி மட்டும்தான் என்று அவருக்கு நிஜமாகவே பயம். குறிஞ்சியாண்டவர் கோயிலுக்குப் போய், முருகா, என் பாட்டை யாரும் பாடிவிடக் கூடாது என்று கண்ணீர் மல்க வேண்டிக்கொண்டார். உலகத்தில் எந்தப் பாடகனும் அப்படி வேண்டியிருக்க மாட்டான். அங்கே நின்று பார்த்தால் தூரத்தில் பழனி மலை தெரியும். பொண்டாட்டி அங்கே ஒன்று கேட்க, புருஷன் இங்கே ஒன்று கேட்க, முருகன் பாடு திண்டாட்டம்தான்.

வேண்டினால் மட்டும் போதாது என்று அவரே களத்தில் இறங்கினார். வண்டி வண்டியாகப் போய், பென்டிரைவில் வைரஸ் இருக்கிறது, பிளேயர் வெந்துவிடும் என்று புளுகி ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கினார். சிவமுருகன் காலையில் சொருகுவான், இவர் சாயங்காலம் பிடுங்குவார். ரெயின்கோட்டுப் பாக்கெட் நிறைய அவருடைய கிரேட்டஸ்ட் ஹிட்ஸே கிடந்தது. கடைசியில், கைக்குச் சிக்காமல் பாக்கி இருந்தது கிளாவரைக்குப் போகிற செல்லப்பாண்டியின் ஜீப் மட்டும்தான். கேரள எல்லை ஓரத்துக் கிராமம், போனால் பொழுது சாயத்தான் திரும்பலாம். அந்த டிரைவரோ பாட்டைக் கொடுக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறவன்.

ஒருநாள் வெள்ளனே எழுந்து, முடியையெல்லாம் சுருட்டிக் குரங்குக் குல்லாவுக்குள் திணித்து, மப்ளரையும் சுற்றிக்கொண்டு அந்த ஜீப்பில் ஏறினார். குளிருக்கு ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் இருப்பார்கள், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே உர மூட்டை, அதன் மேல் ஜனம். முன்னால் பிளேயரில் ‘குளிருதடி கண்ணே’ ஓடிக்கொண்டிருந்தது. மன்னவனூரில் டீக்கு நிறுத்தினார்கள். செல்லப்பாண்டியும் மற்றவர்களும் இறங்கிய நேரம் பார்த்து, வேலுச்சாமி கையை நீட்டிப் பென்டிரைவை உருவி ரெயின்கோட்டுப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். வேலை முடிந்தது, முடி பிழைத்தது என்று நிம்மதியாக மூச்சு விட்டார்.

வண்டி கிளம்பியது. பிளேயர் ஊமையாக இருந்தது. செல்லப்பாண்டி தட்டிப் பார்த்தான், குத்திப் பார்த்தான், பிறகு விட்டுவிட்டான். பின்னால் மூட்டை மேல் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். பிச்சையம்மாள் என்று பேர், கிளாவரையில் பூண்டு போடுகிறவர், வாராவாரம் அந்த ஜீப்பில் டவுனுக்கு வந்து போகிறவர். பாட்டு பாதியில் நின்றால் தனக்கு வயிற்றைக் கலக்கும் என்றார். சொல்லிவிட்டு, நின்ற இடத்திலிருந்து அவரே எடுத்தார். முனகவில்லை. தொண்டையைத் திறந்து, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரிப் பாடினார்.

“போறவளே கொஞ்சம் நில்லு, போர்வை எங்கேனு சொல்லு, குளிருதடி கண்ணே…”

இதுதான், வாழ்நாள் முழுக்கக் காத்திருந்தது இதுதான். தெரியாத ஆள், சொல்லாமல், தானாக, வாய்விட்டு. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே புத்தியும் வேலை செய்தது. ஜீப்பில் இருக்கிற யாருக்கும் நேர்த்திக்கடன் விவரம் தெரியாது. இவர் யார் என்றும் தெரியாது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் சந்தோஷமும் மிச்சம், முடியும் மிச்சம். அப்படியே செய்வது என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

செய்திருப்பார். ஆனால் பிச்சையம்மாள் அந்த ‘ஓ’வுக்கு வந்தார். ‘குளிருதடி கண்ணே’ முடிந்ததும் ஒரு ‘ஓ’ வரும். அதை வேலுச்சாமி மேலே ஏற்றி, அங்கே நிறுத்தி, கெஞ்சிக் கெஞ்சிக் கீழே இறக்குவார். அவர் சோல் முழுக்க அந்த ஒரு எழுத்தில்தான் இருக்கிறது. அந்த அம்மாள் அதை, கன்னுக்குட்டியைக் கூப்பிடுகிற மாதிரி, ‘ஓஓய்’ என்று வெட்டி முடித்துவிட்டார். இரண்டாவது தடவையும் அதேதான். மூன்றாவது தடவைக்கு வேலுச்சாமியால் தாங்க முடியவில்லை. அம்மா, அது அப்படி இல்லை, மேலே போய் வளைந்து வரவேண்டும் என்று சொல்லி, குல்லாவுக்குள்ளிருந்தே பாடியும் காட்டினார்.

பிச்சையம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். நீ பாடினது தப்பு என்றார். இந்தப் பாட்டை நான் எத்தனை வாரமாகக் கேட்கிறேன், எனக்குத் தெரியாதா என்றார். களை எடுக்கும்போது எங்கள் ஊர்ப் பொம்பளைகள் அத்தனை பேரும் இதைத்தான் பாடுகிறோம், வேலை வெரசா ஓடுகிறது, ஒருத்தியும் உன்னை மாதிரி இழுக்க மாட்டாள் என்றார். வேலுச்சாமி விடவில்லை, அவரும் விடவில்லை. ஜீப்பில் பாதிப் பேர் அந்த அம்மாள் பக்கம் சேர்ந்துகொண்டார்கள், மீதிப் பேரும் அவர் பக்கம்தான்.

“தம்பி, ஒனக்குப் பாட்டு வராது, விட்டுரு. அந்த வெல்வெட்டுக்காரரு கேட்டாருன்னா நொந்துபோவாரு” என்றார் பிச்சையம்மாள்.

அவ்வளவுதான். வேலுச்சாமி எழுந்து, தலை கூரையில் இடிக்க, குல்லாவைப் பிடுங்கி எறிந்தார். அடைபட்டுக் கிடந்த முடி அத்தனையும் குபீரென்று வெளியே வந்து பக்கத்து ஆள் மூக்கில் ஏறியது. பாக்கெட்டிலிருந்து பென்டிரைவுகள் பொலபொலவென்று உர மூட்டை மேல் கொட்டின. ஒவ்வொன்றிலும் அதே முடி. செல்லப்பாண்டி பிரேக் அடித்தான். அந்த வெல்வெட்டுக்காரன் நான்தானம்மா என்றார் வேலுச்சாமி.

பிச்சையம்மாள் அட்டையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். அந்தக் குரலைக் கேட்டுச் சின்னப் பையன் என்றல்லவா நினைத்திருந்தேன் என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, இருந்தாலும் அந்த ‘ஓ’வை நாங்கள் பாடுகிற மாதிரிப் பாடினால்தான் நல்லாயிருக்கும், அடுத்த பாகத்தில் மாற்றிக்கொள் என்றும் சொன்னார். வேலுச்சாமி தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு அழுதார். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை, மரியாதைக்கு அவர்களும் கொஞ்சம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

திரும்பி வருகிற வழியெல்லாம் ஒரே யோசனை. சொல்லாமல் இருந்தால் முடி தலையில் இருக்கும். ஜோதிமணிக்குத் தெரியப் போவதில்லை. ஆனால் ஒரு ஊர்ப் பொம்பளைகளே களை எடுக்கும்போது என் பாட்டைப் பாடுகிறார்கள் என்பதை மனுஷன் எப்படி உள்ளே வைத்துக்கொண்டு இருப்பது? வெடித்துச் செத்துப்போவான். சொல்வதென்றால் யாரிடம் சொல்வது? ஊரே சிரித்தபோது சிரிக்காதவள் ஒருத்திதான். அவளிடம் சொல்லாவிட்டால் அது நடந்த மாதிரியே இருக்காது.

வீட்டுக்குள் செருப்போடு நுழைந்து, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னார். பென்டிரைவ் பிடுங்கித் திரிந்ததையும் சேர்த்துத்தான். ஜோதிமணி அடுப்பை அணைத்தாள். கீழே உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, களை எடுக்கும்போதா என்று கேட்டாள். ஆமாம் என்றார். எத்தனை பொம்பளைகள் என்று கேட்டாள். அத்தனை பேரும் என்றார். அந்த அம்மாள் எப்படிப் பாடினார் என்று பாடிக் காட்டச் சொன்னாள். பாடிக் காட்டினார், ‘ஓஓய்’ உட்பட. நாளைக்கே பழனிக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு எழுந்து மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள்.

மறுநாள் பழனியில் முடி இறக்குகிற மண்டபத்தில் வேலுச்சாமி தலையைக் குனிந்து உட்கார்ந்தார். தண்ணீர் தெளித்துக் கத்தியை வைத்த ஆள், இவ்வளவு முடிக்கு இரண்டு பிளேடு வேண்டும் என்று சலித்துக்கொண்டார். இடது பக்கம் முழுக்க இறங்கியிருந்தது, வலது பக்கம் அப்படியே தோளில் தொங்கியது. அப்போதுதான் வேலுச்சாமி ஓரக்கண்ணால் பார்த்தார். பக்கத்துப் பலகையில், பொம்பளைகளுக்கு முடி எடுக்கிற அம்மாவுக்கு முன்னால், ஜோதிமணி உட்கார்ந்து பின்னலை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவிழ்த்த முடி தலையிலிருந்து தரை வரைக்கும் இறங்கி, கூடை மாதிரிச் சுருண்டு கிடந்தது.

நீ எதுக்கு உட்காருகிறாய் என்று கேட்டார்.

“ரெண்டு பேரு முடியையும் சேத்துத்தான் நேந்துக்கிட்டேன்” என்றாள்.

அன்றைக்கு அதைச் சொல்லவே இல்லையே என்று அலறினார். கத்தி வைத்திருந்தவர் பயந்து கையை எடுத்துவிட்டார்.

“உங்க முடியப் பத்தி மட்டுந்தான நீங்க கேட்டீங்க.”

வேலுச்சாமி பாதி மொட்டையோடு எழுந்துவிட்டார். தன் முடிக்காக வண்டி வண்டியாக ஓடிய நாளெல்லாம், இவள் தன் முடி போகட்டும் என்று காத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். யாராவது ஒருத்தர் பாடிவிட மாட்டார்களா என்று ஒவ்வொரு வேனையும் பார்த்திருக்கிறாள். மனுஷனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. வேண்டாம் மணி, பொம்பளைகள் நுனியில் கொஞ்சம் வெட்டிப் பூமுடி கொடுத்தால் போதும், முருகன் ஏற்றுக்கொள்வான் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினார். முடி எடுக்கிற அம்மாவும், பூமுடியா, முழு மொட்டையா, சீக்கிரம் சொல்லுங்கள், பின்னால் ஆள் நிற்கிறது என்றார்.

ஜோதிமணி புருஷனை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்களே சொல்லுங்க. உங்க பாட்டு எந்த அளவுக்கு இருக்கு? பூமுடி அளவுக்கா, முழு மொட்டை அளவுக்கா?”

தன் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லி அறியாத வாய் அது. வேன் ஸ்டாண்டே சிரித்தபோதும் சொன்னதில்லை, பெற்ற அப்பன் கடையில் உட்காரச் சொன்னபோதும் சொன்னதில்லை. தரையைத் தொட்டுக் கிடந்த அவள் முடியை வேலுச்சாமி பார்த்தார்.

“பூமுடி அளவுக்குத்தான் மணி. அதுக்கு மேல இல்ல.”

ஜோதிமணி முடி எடுக்கிற அம்மா பக்கம் திரும்பித் தலையைக் குனிந்தாள்.

“அவரு பொய் சொல்றாருங்க. முழுசா எடுங்க.”